திறந்து போட்ட இன்ஜின்

சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லாமல் போய் இருபத்தாறு நாளாகிவிட்டது. ஒரு மூலையில் தட்டு வைக்கும் அளவுக்கு மட்டும் இடம் பிடித்துக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துச் சூப் குடிக்க லிசீனியா பழகியிருந்தாள். மற்ற இடமெல்லாம் இன்ஜின். பழைய செய்தித்தாள் மேல் சிலிண்டர், பக்கத்தில் அதன் தலை, தயிர் டப்பா மூடிகளில் வகைவகையாகத் திருகாணிகள், கிறிஸ்துமஸ் கேக் வந்த தகர டப்பாவில் பற்சக்கரங்கள். வண்டி என்னவோ ஐம்பது சி.சி. மொபெட்தான். மேடு ஏறும்போது கொசுவுக்குக் கோபம் வந்தது போலச் சத்தம் போடும். அதைப் பிரித்துப் போட்டால் வீடு பன்றி அறுத்த வீடு மாதிரி ஆகிவிடும் என்று யார் கண்டது? பன்றி அறுத்தாலாவது இரண்டு நாளில் எல்லாம் உப்புக்கும் தொத்திறைச்சிக்கும் போய் மேசை காலியாகும்.

"ஏ மனுசா, அந்தக் கருப்புத் துணிய ரொட்டிப் பக்கத்துலருந்து எடு. பெட்ரோல் நாத்தத்துல ரொட்டி திங்க முடியல."

"அது பெட்ரோல் இல்ல, மண்ணெண்ணெய்." புருஷன் அர்மிந்தோ நிமிரவில்லை. பழைய பல் பிரஷ்ஷால் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் பெட்டியின் மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஓகோ. மண்ணெண்ணெய்னா உடம்புக்கு நல்லதுதான்."

அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த வாளியில் டொக்கென்று ஒரு சொட்டு விழுந்தது. அந்த வாளிக்கும் அதே வயதுதான், இருபத்தாறு நாள். ஜனவரிக் காற்றில் கூரையின் ஓடு ஒன்று நகர்ந்துவிட்டது. ஏணி கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாத்தியபடியே இருக்கிறது, மாற்று ஓடுகள் அதன் காலடியில் அடுக்கியபடியே இருக்கின்றன.

"அந்த ஓடு?"

"மழை விடட்டும். நாளைக்குப் பாக்குறேன்."

"நேத்து மழை இல்லியே."

"நேத்து பிஸ்டன்ல இருந்தேன்."

லக்சம்பர்க்கில் ஆறு மாடிக் கட்டடத்துக்குச் செங்கல் வைக்கிறவன், தன் வீட்டு ஒற்றை மாடிக் கூரையில் ஏற நேரம் பார்க்கிறான். லிசீனியா சொல்ல வாயெடுத்துச் சூப்போடு சேர்த்து விழுங்கிக்கொண்டாள்.

பதினாலு வருடமாக அவளுக்கு வருடத்துக்கு ஏழு வாரம்தான் புருஷன். ஆகஸ்டில் நாலு வாரம், கிறிஸ்துமஸை ஒட்டி மூன்று வாரம். லக்சம்பர்க் குளிரில் சாந்து உறைந்துவிடும் என்று கட்டட வேலையை நிறுத்துவார்கள், இவர்கள் சோப்ரால் கிராமத்து ஆண்களெல்லாம் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். ஜனவரி பாதியில் அதே வேன்கள் திரும்பிப் போகும். மற்ற நாற்பத்தைந்து வாரமும் லிசீனியா கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்குவாள், பசித்தபோது சாப்பிடுவாள், வானொலியைச் சத்தமாக வைப்பாள். ஒரே மகள் தெல்ஃபினா போர்ட்டோ நகரத்தில் ஆஸ்பத்திரி வேலையோடு இருந்துகொண்டாள். பக்கத்து ஊர் ஆகெடாவில் உள்ள குளியலறைக் குழாய்த் தொழிற்சாலையில் லிசீனியாவுக்கு பாலிஷ் சக்கரத்தில் இருபத்திரண்டு வருட வேலை. யாரையும் எதிர்பார்க்காமல் ஓடிய வாழ்க்கைதான்.

இந்த வருடம் வேன் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது அர்மிந்தோ கொட்டகையிலிருந்து தன் பழைய வண்டியை உருட்டி வந்து இன்ஜினைக் கழற்றிவிட்டான். பத்தொன்பது வயதில், இதே பக்கத்து மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய வண்டி. தொழிற்சாலை மூடியது, இவன் வடக்கே போனான், வண்டி கோணிப்பைக்குக் கீழே நின்றது. இத்தனை ஆகஸ்டில் ஒருநாளும் அதைத் தொடாதவன், வேன் கிளம்பும் நேரம் பார்த்துத் தொட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேஸ்திரி வால்தெமார் லக்சம்பர்க்கிலிருந்து கூப்பிட்டான். அவனும் பக்கத்து ஊர்க்காரன்தான். கை முழுக்க அழுக்கு என்பதால் அர்மிந்தோ போனை மேசைமேல் போட்டு, கட்டைவிரல் முட்டியால் தட்டி ஒலிபெருக்கியில் விட்டான்.

"என்னடா, இன்னும் அங்கயே ஒக்காந்துருக்க? மூணாவது மாடிக்கு ஆள் இல்லாம முழிச்சிட்டிருக்கேன்."

"இன்ஜின் திறந்து கெடக்கு, வால்தெமார்."

மேஸ்திரியின் குரல் இறங்கி வந்தது. "முழுசாவா?"

"கிராங்க் பெட்டிய ரெண்டாப் பிரிச்சிட்டேன்."

"அடப் பாவி. சரி, அப்பிடிப் போட்டுட்டு எப்பிடி வருவ. மூடிட்டு வா."

வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் அந்த ஆள் கிழித்திருப்பான். காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வா என்பான். இந்த வட்டாரத்தில் திறந்த இன்ஜினுக்கு மட்டும் தனி மரியாதை. வீட்டைப் பூட்டாமல் போனாலும் போவார்கள், இன்ஜினைத் திறந்து போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். ஒருத்தன் போனான், பிரான்சுக்கு. ஆகஸ்டில் திரும்பி வந்தபோது கிராங்க் பெட்டிக்குள் கோழி முட்டையிட்டு அடை காத்துக்கொண்டிருந்தது. முப்பது வருடமாகியும் அவன் பெயர் யாருக்கும் நினைவில்லை, கோழிக்காரன் என்றால்தான் தெரியும்.

"எப்ப மூடுவ?" என்றாள் லிசீனியா, போன் அணைந்ததும்.

"எதுக்குக் கேக்குற?"

"மேசை வேணும்."

அவள் கேட்டது மேசைக்காக மட்டும் இல்லை. இன்ஜின் மூடும் நாள் இவன் பையைக் கட்டும் நாள்.

இன்ஜின் மூடிகளுக்குப் பாலிஷ் போடும் வேலை அவள் தலையில் விழுந்தது இயல்பாகத்தான். வீட்டில் அந்தத் தொழில் தெரிந்த கை அவளுடையது. துணி துவைக்கும் கல்தொட்டிப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே அர்மிந்தோ ஒரு சின்ன மோட்டாரைப் பலகையில் பொருத்தி, இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டிக் கொடுத்தான். ஒன்று நார்ச் சக்கரம், மற்றது பஞ்சுத் துணிச் சக்கரம். வேலை விட்டு வந்து, கோழிகளுக்கு வைத்துவிட்டு, காதுகளை மறைத்துத் துணி கட்டிக்கொண்டு அவள் நிற்பாள். முதலில் ஈரத்தில் உப்புத்தாள், சொரசொரப்பிலிருந்து நைசுக்கு. அப்புறம் பழுப்பு மெழுகுக்கட்டி தடவிய நார்ச் சக்கரம், கடைசியில் வெள்ளைக் கட்டியோடு பஞ்சு. அலுமினியத்தின் கரி உள்ளங்கை ரேகையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இறுதியாக ஒரு பிடி சோள மாவைத் தூவித் துடைத்தால் மெழுகுப் பிசுக்கு போய், மூடியில் தன் முகம் தெரியும். வயல் தாண்டிய மலைச்சரிவின் தைல மரங்கள் தலைகீழாகத் தெரியும்.

முதல் மூடியை அப்படித்தான் கொண்டுவந்து நீட்டினாள். அவன் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"இங்க ஒரு மேகம் இருக்கு."

மேகம் என்பது அவர்கள் தொழிற்சாலைப் பேச்சு. எல்லாம் பளபளத்து ஓரிடத்தில் மட்டும் ஆவி படர்ந்த மாதிரி மங்கல் நின்றால் அது மேகம். மேகம் இருக்கும் குழாய் திரும்பி வரும், அன்றைக்குத் தலை நிமிர முடியாது. அவளுக்கு அப்படி ஒரு குழாய் திரும்பி வந்து பதினொரு வருடமாகிறது.

"எங்க?"

"இந்தா, இந்த வளைவுல."

அவளும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சரி, வெளிச்சம் போய்விட்டது, காலையில் பார்த்தால் தெரியுமோ என்னவோ என்று மறுநாள் மறுபடி சக்கரத்தில் பிடித்தாள். அப்புறம் கிளட்ச் பக்க மூடி. அதிலும் மேகம். சிலிண்டர் தலையின் துடுப்புகளுக்கு நடுவே குச்சியில் துணி சுற்றி ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்துக் கொடுத்தாள், அதிலும். ஐந்தாவது நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மேகம், மேகம்! உன் கண்ணுலதான்டா புகை மண்டிக்கெடக்கு. எங்க தொழிற்சாலைல சோதனைக்கு நிக்கிறவன் பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பான், அவனுக்கே என் வேலைல ஒண்ணும் அகப்படாது. செங்கல் அடுக்குறவனுக்கு அகப்படுதோ?"

"கோவப்படாத. என் வண்டி, நல்லா இருக்கணும்னு பாக்குறேன்."

"நல்லா இருந்து? இதப் பாத்துட்டு நீ எங்க போகப்போற? வண்டி இங்க, நீ அங்க. கோழிதான் மொகம் பாக்கும்."

அவன் மூடியை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். "இந்த ஒண்ணு மட்டும், இன்னொரு தடவ," என்றான். குரல் கெஞ்சுவது போல இருந்தது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கதவைச் சாத்திக்கொண்டு போய் மறுபடி தேய்த்தாள். தொழிலில் தன்னைக் குறை சொன்ன ஆத்திரத்தில், ஒரு தடவைக்கு மூன்று தடவையாகத் தேய்த்தாள்.

ஒரு நாள் எல்லாம் முடிந்துதான் போனது. சனிக்கிழமை, புது பேரிங்குகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைபெட்டியில் மத்தி மீனுக்குப் பக்கத்தில் வைத்தான். சோள ரொட்டி எடுத்த சூட்டோடு கிராங்க் பெட்டியை அடுப்புக்குள் தள்ளினான். சூட்டில் பெட்டி விரியும், குளிரில் பேரிங் சுருங்கும், இரண்டையும் சட்டென்று சேர்த்தால் அடி இல்லாமல் இறங்கும்.

"கதவ மூடு! காத்து படுது! கையுறை எங்க?"

"ரொட்டித் துணி இருக்கு, பிடி."

பேரிங் டப்பென்று போய் உட்கார்ந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். அடுத்த வாரம் முழுக்க ரொட்டியில் இன்ஜின் வாசம் அடித்தது என்பது வேறு கதை.

திங்கட்கிழமை மாலை அவள் வந்தபோது மேசையில் பாதிக்கு மேல் இடம் இருந்தது. கிராங்க் பெட்டி மூடி, சிலிண்டர் ஏறி, தலை இறுகி, இன்ஜின் ஒரு மரக்கட்டைமேல் முழு உருவமாக உட்கார்ந்திருந்தது. மேசை இவ்வளவு அகலமா என்று அவளுக்குத் தோன்றியது.

"மேக்னட் சக்கரம் மட்டும்தான் பாக்கி," என்றான். "நாளைக்கு முடிஞ்சிரும்."

சொல்லிவிட்டு விறகு எடுக்கப் போனான். தயிர் டப்பா மூடியில் ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. அரைநிலா என்பார்கள் அதை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் எஃகுத் துண்டு. கிராங்க் நுனியில் உள்ள பள்ளத்தில் அது உட்கார்ந்தால்தான் மேக்னட் சக்கரம் சரியான இடத்தில் பூட்டும், பொறி சரியான நேரத்தில் விழும். அது இல்லாமல் இன்ஜினை மூடினால் உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும்.

லிசீனியா யோசித்துச் செய்ததில்லை. மேசையைத் துடைக்கிற துணியோடு சேர்த்து அதை எடுத்தாள், தொழிற்சாலை மேலங்கியின் மார்புப் பையில் போட்டாள். பிறகு உருளைக்கிழங்கு தோல் சீவ உட்கார்ந்துவிட்டாள். வருடம் ஏழு வாரத்துக்கே சலித்துக்கொள்கிறவள், ரொட்டிப் பக்கம் துணி வைத்ததற்கெல்லாம் வள்ளென்று விழுகிறவள், இந்த மனிதனைப் போகவிட மனசில்லாமல் திருடியாகிவிட்டாள். நல்ல புருஷனா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, சேர்ந்து இருந்து பார்த்தால்தானே. ஆனால் இந்த நாற்பது நாளில் விளக்கு எரிகிற வீட்டுக்குள் நுழைந்து பழகிவிட்டாள்.

மறுநாள் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பையைத் தொட்டாள். காலி. பையின் அடியில் தையல் விட்டிருந்தது. சக்கரத்துக்குக் கீழே தூசி உறிஞ்சும் குழிக்குள் கையை விட்டுத் துழாவினாள், முழங்கை வரை கருப்பானதுதான் மிச்சம்.

"என்னத்தடி தேடுற, மோதிரத்தையா?" என்றாள் பக்கத்துச் சக்கரத்து கிராசியெத்தே. லிசீனியா வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டாள்.

கிராசியெத்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி கள்ளி! ஆம்பளையப் பிடிச்சு வெக்க ஊருல எவ்வளவோ வழி இருக்க, இரும்பத் திருடினியா?"

"சத்தமாச் சொல்லாத."

"வாய் எதுக்கு இருக்கு ஒனக்கு? போகாதன்னு சொல்ல வேண்டியதுதான்."

"சொல்லி? இத்தன வருசம் போறவன் காலக் கட்டி, அப்புறம் இங்க ஒக்காந்து மொகத்தத் தூக்கிக்கிட்டிருந்தா யாரு பாக்குறது? ஊரே கேக்கும், ஒம் புருசன அங்க வெரட்டி விட்டாங்களான்னு. அவனுக்குப் போகணும். போகத்தான் துடிச்சிட்டிருக்கான், பாத்தாலே தெரியுது. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறான்."

"அப்ப போகட்டும், விடு."

"அதுவும் முடியலடி," என்றாள் லிசீனியா. கிராசியெத்தேவின் சிரிப்பு நின்றது. தன் டப்பாவிலிருந்த ஆரஞ்சை உரித்துப் பாதியை அவளுக்குக் கொடுத்தாள்.

வீட்டில் அர்மிந்தோ தேடிக்கொண்டிருந்தான். அலமாரியை நகர்த்தினான், விறகுப் பெட்டியைக் கவிழ்த்தான், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே தவழ்ந்தான். எழுந்து முற்றத்துக்குப் போவான், கோழிகளைப் பார்ப்பான், ஏணி வரை போவான், திரும்பி வருவான். புதன், வியாழன், வெள்ளி, இதே கதை. அவள் துடைப்பத்தோடு கூடவே தேடினாள். பொய்யாகத் தேடுவது நிஜமாகத் தேடுவதைவிட இடுப்பை வலிக்க வைக்கும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வால்தெமார் கூப்பிட்டான்.

"அரைநிலாவக் காணோமா? அதுக்கா இத்தன பாடு? அதெலினோ கடைல ஒண்ணு வாங்கி மாட்டுறா!"

"கேட்டேன். அவருகிட்ட இல்லியாம்."

"ஆவெய்ரோவுல?"

"அங்கயும் இல்ல. இது பழைய அளவு. போர்ட்டோவுலருந்து வரணுமாம், சொல்லி வெச்சிருக்கேன்."

"இங்க பாரு அர்மிந்தோ. வர்ற ஞாயித்துக்கெழம இதே நேரம் கூப்பிடுவேன். திங்கக்கெழம ஆகெடாவுலருந்து ஒரு வேன் கெளம்புது. அதுல நீ இல்லைன்னா ஒன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவேன். என் கையிலயும் ஒண்ணும் இல்ல. ஒன் பேரச் சொல்லித் தெனம் திட்டு வாங்குறேன்."

லிசீனியா அடுப்புப் பக்கம் திரும்பிக் கீரை சூப்பைக் கிண்டினாள். கிண்ட வேண்டிய அவசியம் இல்லை, அது ஆறிப்போயிருந்தது. சும்மா இரண்டு நாள் பிடித்து வைக்கலாம் என்று எடுத்த துண்டு, எங்குமே கிடைக்காத துண்டாகிவிட்டது. பதினாலு வருட வேலை அவளால் போகப்போகிறது. போகாதே என்று கேட்டு அவன் இருந்திருந்தால் அது வேறு. இப்படித் திருடி இருக்கவைத்தால் அந்த மனிதனின் முகத்தை வாழ்நாள் முழுக்க எப்படிப் பார்ப்பது? அந்த வாரம் அவள் பாலிஷ் போட்ட குழாய் ஒன்று மேகத்தோடு திரும்பி வந்தது.

சனிக்கிழமை தூறலில் பஸ் ஏறி ஆகெடா பாலத்துக்கு அந்தப் பக்கம் அதெலினோ கடைக்குப் போனாள். பழைய வண்டிகளுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் கடைதான் கடைசிப் புகலிடம். மனிதர் மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு கார்புரேட்டர் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க தோனா லிசீனியா. இந்த மழைல?"

"போர்ட்டோவுலருந்து அந்த அரைநிலா வந்துருச்சான்னு கேட்டுட்டுப் போக வந்தேன், செஞ்யோர் அதெலினோ. வரலைன்னா எங்க போனா கெடைக்கும்னு சொல்லுங்க. நானே போயி வாங்கிட்டு வர்றேன்."

அவர் இரண்டு கண்ணாடியையும் கழற்றினார். "போர்ட்டோவுலருந்தா? எதுக்கு?" இழுப்பறையைத் திறந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் குலுக்கினார். உள்ளே கலகலவென்றது. "இந்தா, ஒரு பெட்டி இருக்கு. அர்மிந்தோ வாங்கிட்டுப் போயிட்டானே. போன வாரம்... புதன்கெழம. ரெண்டா எடுத்துக்கடா, தொலையிற சாமான்னு சொன்னேன். ஒண்ணு போதும்னுட்டான். அதயும் தொலைச்சிட்டானா?"

லிசீனியா கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். பத்து நாள். பத்து நாளாக அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் டார்ச்சைக் கடித்தபடி மேசைக்குக் கீழே தவழ்ந்தானா?

"ஆமா," என்றாள். "தொலைச்சிட்டான். ஒண்ணு குடுங்க."

"எடுத்துக்குங்க, இதுக்கெல்லாம் என்னத்த வாங்குறது. அவன எப்பவாச்சும் வந்துட்டுப் போகச் சொல்லுங்க. உள்ள நாலு இன்ஜின் திறந்து கெடக்கு. எனக்குக் கண்ணு போச்சு, மூட ஆள் இல்ல." துண்டை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "அன்னிக்கு ஒங்க கிளட்ச் மூடியக் காட்டினான். கோட்டுக்குள்ள வெச்சுக் கொண்டுட்டு வந்துருந்தான், நகை மாதிரி. எங்க வீட்டுப் பொம்பள போட்டதுன்னு எல்லாருக்கும் காட்டுறான். இந்தக் கடைல அப்பிடி ஒரு பாலிஷ் நான் பாத்ததில்ல."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் கொலைவெறி.

ஞாயிறு மழை விட்டிருந்தது. வெளுத்த வெயில். உப்புக் காட் மீனும் உருளைக்கிழங்கும் கோஸ் இலையும் வேகவைத்து, எண்ணெய் ஊற்றி, மேசை மூலையில் இரண்டு தட்டாக வைத்தாள். அர்மிந்தோ சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கால் மேசைக்குக் கீழே ஆடியபடி இருந்தது, தயிர் டப்பா மூடிகள் எல்லாம் சேர்ந்து நடுங்கின.

லிசீனியா காகிதத்தைப் பிரித்து அரைநிலாவை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முழங்கால் ஆட்டம் நின்றது.

"எங்க இருந்துச்சு?" என்றான், மெதுவாக.

"அதெலினோ கடைல. ஒரு பெட்டி இருக்கு அங்க." கையை நீட்டினாள். "ஒன்னோடத எடு."

அவன் காது மடல் வரை சிவந்துபோனான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அதன் முடிச்சை அவிழ்த்து, இரண்டாவது அரைநிலாவை முதலாவதற்குப் பக்கத்தில் வைத்தான்.

"பழச எடுத்தது நான்," என்றாள் அவள். "எடுத்துத் தொலைச்சிட்டேன். நீ போக வேணாம்னுதான் எடுத்தேன். இப்ப நீ சொல்லு."

"நீயா?" அவன் அவளைப் பார்த்தான். "நான் என்னமோ நெசமாத் தொலைஞ்சிருச்சுன்னு நெனச்சு, கடவுளே எறங்கி வந்து எடுத்துட்டாருன்னுல்ல சந்தோசப்பட்டேன்."

"சந்தோசப்பட்டா எதுக்குடா புதுசு வாங்குன?"

"கடைக்குப் போகலைன்னா நீ கேப்ப, வாங்காம வந்தா அதெலினோ கேப்பாரேன்னு வாங்குனேன். மாட்டத்தான் மனசு வரல." கையால் முகத்தைத் தேய்த்தான், கரி நெற்றியில் இழுபட்டது. "அக்டோபர்ல, நாலாவது மாடி சாரத்துல, திடீர்னு கால் நகரல. கீழ பாத்தேன், அவ்வளவுதான். கம்பத்தக் கட்டிப் பிடிச்சிட்டு ஒக்காந்துட்டேன். ஒரு மணி நேரம். ரெண்டு பசங்க ஏறி வந்து இடுப்புல கயிறு கட்டி எறக்குனாங்க. வால்தெமார்கிட்ட ரத்த அழுத்தம்னு சொல்லி வெச்சேன். அப்புறமும் ஏறிப் பாத்தேன் லிசீனியா. முடியல. செங்கல் வெக்கிறவன் ஒசரத்துக்குப் பயந்தவன்னு தெரிஞ்சா அங்க என்ன மரியாத? இங்க என்ன மரியாத?"

"அதான் அந்த ஓடா?"

"ஏணியோட மூணாவது படி வரைக்கும் போனேன். நீ வேலைக்குப் போனதும் தெனமும் போவேன். மூணாவது படிதான்."

லிசீனியா நாற்காலியில் சாய்ந்தாள். அந்த மூன்றாவது படியில் அவன் தனியாக நிற்பதை நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு நாள் காலையிலும், இவ்வளவு பெரிய உடம்பு, கோழிகள் பார்க்க. உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

"அப்ப மேகம்?"

அவன் தட்டைப் பார்த்தான்.

"மேகம் இருந்துச்சா இல்லியா?"

"இல்ல."

"படுபாவி! இருபத்திரெண்டு வருசமா சக்கரத்துல நிக்கிறவகிட்ட, இல்லாத மேகத்த இருக்குன்னு சொன்னியே. நான் கண்ணாடி மாத்தணுமோன்னு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கி வெச்சிருக்கேன்டா! கை போயிருச்சோன்னு தூக்கம் இல்லாம கெடந்தேன்!"

"ஒவ்வொரு மேகத்துக்கும் ரெண்டு நாள் கெடைச்சுது," என்றான் அர்மிந்தோ. "முதல் தடவையே மொகம் தெரிஞ்சுது, லிசீனியா. அதுல பாத்துப் பல்லு குத்தலாம் போல இருந்துச்சு."

அவள் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்ததில் கண்ணீரும் வந்தது. வாளியில், மழை விட்ட பிறகும் ஓட்டில் தங்கிய நீர் டொக்கென்று விழுந்தது. அவள் எழுந்து தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

"எந்திரி. ஏணியப் பிடி."

"நீயா ஏறப்போற?"

"வருசத்துக்கு நாப்பத்தஞ்சு வாரம் இந்தக் கூரைல யாரு ஏறுனான்னு நெனச்ச? நீ இருக்கியேன்னுதான் விட்டு வெச்சேன்."

ஏணியைச் சுவரில் சாத்தினார்கள். மாற்று ஓட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் ஏறினாள். நான்காவது படி, ஐந்தாவது, அதற்கு மேல் கூரை. அவன் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து, ஒரு காலைக் கீழ்ப்படியில் ஊன்றி, தலையை நிமிர்த்தாமல் நின்றான். கை முட்டிகள் வெளுத்திருந்தன. மேலே ஈரப் பாசி வழுக்கியது. உடைந்த ஓட்டை எடுத்து முற்றத்தில் போட்டாள், கோழிகள் சிதறி ஓடின.

வீட்டுக்குள் போன் அடித்தது.

மேசைமேல் அது அதிர அதிர, தயிர் மூடிகளில் திருகாணிகளும் இரண்டு அரைநிலாக்களும் சேர்ந்து கிணுகிணுத்தன. இருவருக்கும் கேட்டது. அர்மிந்தோவின் முகம் கதவுப் பக்கம் திரும்பியது.

"விட்றாத," என்றாள் அவள் மேலேயிருந்து.

"விடல."

அடித்து ஓய்ந்தது. மறுபடி ஆரம்பித்தது.

"நான் என்னன்னு சொல்லட்டும் அவன்கிட்ட?"

"ஒசரம் ஒத்துக்கல, வரலைன்னு சொல்லு. நான் எறங்குனதும் நீயே கூப்பிட்டு, நீயே ஒன் வாயால சொல்லணும். இப்ப ஏணியப் பிடி."

"பிடிச்சிருக்கேன்."

புது ஓட்டை வரிசைக்குள் தள்ளி உட்கார வைத்தாள். சரியாகப் பொருந்தியது. வேலை முடிந்தது, இறங்கலாம். கீழே அவன் மூச்சு விடுவதும், உள்ளே போன் அடிப்பதும் கேட்டபடி இருந்தன. லிசீனியா பக்கத்து ஓட்டையும் பிடித்து ஒருமுறை அசைத்து, நிதானமாக, கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் நகர்த்திச் சரிசெய்தாள். அது முன்பே நேராகத்தான் இருந்தது.